படாத இடம்

குன்றின் அடிவாரத்தில் மடம் நடத்திவந்த யோகவல்லி அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் புதிதாகச் சேர்ந்த சீடர் கோமதிநாயகம் அறுபதைத் தொட்டவர். அரிசி ஆலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். வந்த அன்றே செருப்பைக் கழற்றிப் போட்டார். மற்றவர்கள் காலையில் மட்டும் குன்றேறினார்கள். அவர் மாலையிலும் ஏறினார்.

ஒருநாள் இறங்கும் வழியில் பாறையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு சீடர்கள் தோள்கொடுத்துக் கூட்டிவந்து கிணற்றடியில் உட்காரவைத்தார்கள்.

அம்மை வந்தார்.

"எங்கே வலி?"

"உள்ளங்கால் குழிவில், அம்மா. இங்கே வந்த கொஞ்ச நாளில் தொடங்கியது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போகும். நடக்க நடக்கத் தணியும். குன்றிலிருந்து இறங்கினால் மறுபடி பிடித்துக்கொள்ளும்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் குன்றேற விடமாட்டீர்கள். எனக்கு மிச்சமிருக்கிற காலம் குறைவு. செய்த பாவம் இப்படியாவது தீரட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்."

"ஆலையில் இருந்தபோது எவ்வளவு நடப்பீர்கள்?"

"எங்கே நடந்தேன்? நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குக் கார்."

அம்மை சிரிக்கவில்லை. வாளியில் நீர் இறைத்து அவர் பாதத்தில் ஊற்றினார். பக்கத்தில் காய்ந்து கிடந்த கல்லைக் காட்டினார்.

"என் தோளைப் பிடித்துக்கொண்டு இதில் ஓர் அடி வையுங்கள்."

வைத்தார். எடுத்தார். கல்லில் ஈரமாகப் பாதம் பதிந்திருந்தது. குதிகால், வெளிவிளிம்பு, முன்பாதம், விரல்கள்.

"வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்."

குனிந்து விரல் வைத்தார். விரல் பட்ட இடத்தில் ஈரமே இல்லை.

"இங்கே என் கால் படவே இல்லையே! தரையில் படாத இடமா இப்படி வலிக்கிறது?"

"குதிகாலிலிருந்து விரல்கள்வரை தோலுக்கடியில் ஒரு நார் இழுத்துக் கட்டியிருக்கிறது. வில்லில் நாண் போல. அடி வைக்கும்போதெல்லாம் உடம்பின் பாரம் அதில் இறங்குகிறது. அது நீண்டு கொடுக்கிறது. பிறகு அடுத்த அடிக்கு உங்களைத் தூக்கிவிடுகிறது. நீங்கள் நடை பழகிய நாளிலிருந்து."

கோமதிநாயகம் அந்தக் காய்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வயதில் அதை அவர் ஒருமுறைகூட நினைத்ததில்லை. வெயிலில் சுவடு சுருங்கத் தொடங்கியது. பதறிப்போய் வாளியை இழுத்து, தாமே காலை நனைத்து இன்னொரு சுவடு பதித்தார். அதையும் பார்த்தார்.

பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"இனி என்ன செய்யட்டும்?"

"வலி தீரும்வரை குன்று வேண்டாம். படுக்கையில் இருக்கும்போதே கால்விரல்களை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்திருங்கள். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுங்கள். அது இறுகினால் இந்த நாரும் இறுகும். குளிர்ந்த நீர் நிரப்பிய பாட்டிலைக் காலடியில் உருட்டுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம். அப்படியும் தீராவிட்டால் டாக்டரிடம் போவோம்."

"மாதக்கணக்கில் ஆகுமே, அம்மா."

"ஆகும்."

அவர் தலைகுனிந்தார். கண் கலங்கியிருந்தது.

அம்மை தரையில் உட்கார்ந்தார். அந்தப் பாதத்தை எடுத்துத் தம் மடியில் வைத்து, கட்டைவிரலால் குழிவை மெல்ல நீவினார். சுற்றி நின்ற சீடர்கள் அசையவில்லை.

கோமதிநாயகம் வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"ஐயோ! குரு நீங்கள். என் காலைப் போய்த் தொடலாமா?"

அம்மை பாதத்தை விடவில்லை.

"உங்கள் காலா? நீங்களா செய்தீர்கள் இதை?"