மூங்கில் கரிக்கு மயில் போட்ட பந்தல்

காட்டுக் குளம் ஒன்றில் ஒரு நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்துவந்தது. பாவம், அந்தக் குட்டிகள் நாளுக்கு நாள் துவண்டுபோயின. நீந்தக் கூப்பிட்டால்கூட கரையில் சுருண்டு படுத்துக்கொண்டன.

காரணம் மேட்டில் இருந்தது. யாரோ மனிதர்கள் அங்கே பழைய பேட்டரிகளை உடைத்துக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். புண்ணியவான்கள்! மழை பெய்தபோதெல்லாம் அதிலிருந்த ஈயம் கரைந்து, ஓடை வழியாகக் குளத்துக்கு வந்து சேர்ந்தது.

ஓடையின் ஒரு கிளை மட்டும் எரிந்துபோன மூங்கில் புதருக்குள் புகுந்து வந்தது. அங்கே மீன்கள் துள்ளி விளையாடுவதை நீர்நாய் பார்த்தது.

"அட! கரிதான் விஷத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது!" என்று அது காட்டுப்பன்றியிடம் ஓடியது. "அண்ணே, கொஞ்சம் கைகொடுங்களேன்!"

இரண்டும் சேர்ந்து மூங்கில் கரியை இழுத்து வந்து, ஓடை குளத்துக்குள் நுழையும் இடத்தில் கெட்டியாக நிரப்பின. கொஞ்ச நாளில் குட்டிகள் எழுந்து நடந்தன. நீர்நாய்க்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்போது மயில் வந்தது. அதற்குத்தான் எதையும் அழகாகப் பார்க்காவிட்டால் இரை இறங்காதே!

"சீச்சீ! நான் ஆடுகிற இடத்தில் இப்படியா கரியைக் கொட்டுவது?" என்று முகம் சுளித்தது. பச்சைத் தழைகளையும் பூக்களையும் கொத்திவந்து கரியின் மேல் பரப்பியது. "இப்போது பாருங்கள் அக்கா! கல்யாணப் பந்தல் மாதிரி இல்லை?"

"நல்லாத்தான் இருக்கு!" என்று நீர்நாயும் சிரித்தது.

மழை வந்தது. தழை அழுகியது. டீ நிறத்தில் சாறு இறங்கியது. குட்டிகள் மறுபடி சாய்ந்தன. சின்னது கண்ணையே திறக்கவில்லை.

"கரியை நம்பி ஏமாந்துவிட்டோம்! வா, வேறு காட்டுக்குப் போய்விடலாம்" என்றது பன்றி.

"இந்த நிலைமையில் இதுகளை எப்படி அண்ணே தூக்கிப் போவேன்?" என்று நீர்நாய் அழுதது. அழுதுகொண்டே கரியைத் தோண்டிப் பார்த்தது. ஒவ்வொரு துண்டும் வழவழவென்று இருந்தது; இலைச்சாறு நாற்றம் அடித்தது.

"அண்ணே, கரி நம்மை ஏமாற்றவில்லை! இலைச்சாற்றைக் குடித்தே அதன் வயிறு ரொம்பிவிட்டது. அப்புறம் ஈயத்துக்கு இடம் ஏது? போதாததற்கு, மிச்சச் சாறு ஈயத்தையும் கூட்டிக்கொண்டு குளத்துக்குள் போகிறது!"

மயிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, என் வேலையா இது! மன்னித்துவிடுங்கள் அக்கா!"

"மன்னிப்பெல்லாம் அப்புறம். முதலில் தழையை எடு!"

மயில் தோகை சேறாவதைப் பார்க்காமல் தழையை ஒன்றுவிடாமல் பொறுக்கியது. பன்றி பழைய கரியைத் தண்ணீர் எட்டாத வேறொரு மேட்டில் புதைத்தது. ஓடையில் வரும் சருகுகள் தங்கட்டும் என்று, கரிக்குச் சற்று முன்னால் ஒரு குழியும் தோண்டியது. நீர்நாய் புதுக் கரியை நிரப்பியது. அதன்பிறகு குழியில் சேரும் சருகைத் தினமும் அள்ளுவது மயிலின் வேலை ஆயிற்று.

அடுத்த மழைக்குத் தண்ணீர் தெளிந்து வந்தது. ஒருநாள் காலையில் மயில் குனிந்து சருகு பொறுக்கும்போது, சின்னக் குட்டி பின்னாலிருந்து பாய்ந்து அதன் தோகையைக் கவ்வி இழுத்தது.

"இழுடா கண்ணு, இன்னும் பலமாக இழு!" என்றது மயில்.

நல்ல வேலை செய்கிறவர் மேல், ஆசைக்காகக்கூட வேண்டாத சுமையை ஏற்றக் கூடாது.