உறையவைத்த ப்ரோக்கோலி

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடத்தில் மாதி அம்மாவின் தியான இல்லம் இருந்தது. ஒன்பது பேர் அங்கே தங்கியிருந்தார்கள். மாதி அம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டு. ஒரு காலத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் இலை தரம் பார்த்தவர். அவரிடம் சீடராக வந்த ஜோதிலிங்கத்துக்கு அறுபத்தொன்று. ஜோலார்பேட்டைக்காரர். முப்பத்து மூன்று வருஷம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன்னைவிடப் பத்தொன்பது வயது இளையவரை அவர் அம்மா என்றுதான் கூப்பிட்டார். அதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

வந்த முதல் வாரமே அவர் ஒன்று கேட்டார். ஒரு வருஷம் மௌன விரதம் இருக்க அனுமதி வேண்டும்.

"முதல்ல தோட்டத்தைப் பாருங்க" என்றார் மாதி அம்மா.

தோட்டத்தில் அந்தப் பருவத்துக்கு ப்ரோக்கோலி போடுவதாக இருந்தது. ஜோதிலிங்கம் அந்தக் காயைக் கடையில்கூட வாங்கியதில்லை. காலிஃபிளவர் பச்சையாக இருந்தால் எப்படியோ அப்படி என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அது போதும் என்று இறங்கிவிட்டார்.

தை மாதம் குழித்தட்டில் விதை போட்டார். விடியற்காலையில் உறைபனி விழும் என்பதால் சாயங்காலமே தட்டுகளைக் கோணிச் சாக்கால் மூடினார். மாசியில் நாற்றுகளை எடுத்து நட்டார். ஒவ்வொரு நாற்றுக்கும் நடுவே ஒன்றரை அடி. குச்சி வெட்டி வைத்துக்கொண்டு அளந்துதான் நட்டார். நாற்பத்திரண்டு செடி. இலையின் நிறத்திலேயே இருக்கும் புழுக்களைத் தினமும் காலையில் குனிந்து குனிந்து பொறுக்கினார். முதுகு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் போனார்.

பங்குனியில் நடுக்குருத்தில் பொத்தான் அளவுக்குப் பூ கட்டியது. அன்று இரண்டாவது முறையாக மௌனம் கேட்டார்.

"பூ பெரிசாகட்டும்" என்றார் மாதி அம்மா.

சித்திரையில் பூக்கள் இரண்டு கை கொள்ளாமல் நின்றன. இன்னும் நாலு நாள் விடலாம் என்று நினைத்தார். மறுநாள் காலை ஒரு செடியில் பூ முற்றிப்போய், மொட்டுகள் அவிழ்ந்து மஞ்சளாக இருந்தன. ஜோதிலிங்கம் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து மீதி நாற்பத்தொன்றையும் ஒரே மூச்சில் அறுத்தார். செடிகளை மட்டும் பிடுங்க வேண்டாம் என்று மாதி அம்மா சொல்லியிருந்தார். தலையை எடுத்தால் பக்கத்தில் கிளைக்கும்.

நாற்பத்தொரு பூவை ஒன்பது பேர் எத்தனை நாள் தின்ன முடியும்? இல்லத்தில் ஒரு பெரிய ஃப்ரீசர் இருந்தது. மழைக்காலத்தில் பாதை அடைபட்டால் சமையலுக்கு ஆகும் என்று எல்லாவற்றையும் உறையவைக்க ஏற்பாடாயிற்று.

கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்த பிறகுதான் உறையவைக்க வேண்டும் என்று மாதி அம்மா சொன்னார். ஜோதிலிங்கத்துக்கு அப்படிச் செய்ய மனசாகவில்லை. மூன்று மாதம் பாடுபட்டு வளர்த்ததை எதற்கு வெந்நீரில் போடுவது?

"குளிருக்குள்ள போயிட்டா எதுவும் நகராதும்மா" என்றார். "அப்படியே நின்னுடும்."

"உங்க இஷ்டம்" என்றார் மாதி அம்மா.

ஜோதிலிங்கம் பூக்களைச் சின்னச் சின்னதாகப் பிரித்தார். கழுவினார். துணியில் பரப்பித் துளி ஈரம் இல்லாமல் உலர்த்தினார். காற்றுப் போகாமல் பைகளில் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதி அடுக்கினார். முப்பது பை. ஃப்ரீசர் மூடியைச் சாத்தியபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. அன்றைக்கே மூன்றாவது முறையாக மௌனம் கேட்டார். இந்த முறை ஒரு கெடுவும் வைத்தார். ஆனி முடிவதற்குள் கிடைக்காவிட்டால் மலையிறங்கி வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் சொன்னால் செய்கிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கேட்டுக்கொண்டதாக மாதி அம்மா தலையை மட்டும் அசைத்தார்.

ஆனி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் மண் சரிந்து பாதை அடைபட்டது. கறிகாய் வண்டி வரவில்லை. சமையல் பார்க்கும் எப்சிபா அக்கா ஃப்ரீசரைத் திறந்து நாலு பை எடுத்துப் பிரித்தார்.

வாடை கூடம் வரைக்கும் வந்தது. வைக்கோலும் பழைய முட்டைக்கோஸும் கலந்த வாடை. பூக்கள் பழுப்பேறிக் கிடந்தன. ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்த எப்சிபா அக்கா வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். ஜோதிலிங்கம் மீதிப் பைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். எல்லாம் அப்படியே. ஃப்ரீசர் நின்றுபோயிருக்குமோ என்று பார்த்தார். ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. உள்ளே பனி கட்டிக் கிடந்தது.

முப்பது பையையும் அவரே கூடையில் சுமந்துபோய் எருக்குழியில் கொட்டினார். நனைந்தபடி திரும்பி வந்து மாதி அம்மாவின் முன்னால் நின்றார்.

"அவ்வளவு குளிர்ல எப்படிம்மா கெட்டுச்சு?"

"குளிர் மெதுவாக்கும். நிறுத்தாது. உள்ளே அது பாட்டுக்கு முத்திக்கிட்டேதான் இருக்கும்."

"அப்ப எதும்மா நிறுத்தும்?"

"சூடுதான்."

ஜோதிலிங்கம் ஈரத்தோடே தன் அறைக்குப் போய்விட்டார். அன்று சாப்பிடவும் வரவில்லை.

மறுநாள் காலை மழை கொஞ்சம் வெறித்திருந்தது. அவர் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். தலை அறுத்த செடிகளில் பக்கத்துக்குப் பக்கம் கிளைத்து, எலுமிச்சம்பழம் அளவில் பூக்கள் வந்திருந்தன. சேற்றில் முழங்காலிட்டு ஒவ்வொரு செடியாகப் பார்த்து அறுத்தார். கூடை முக்கால்வாசி நிறைந்தது. நேரே சமையலறைக்கு வந்தார். மாதி அம்மா அங்கே இருந்தார்.

"இந்தத் தடவை நீங்க சொல்ற மாதிரி செய்றேம்மா" என்றார்.

மாதி அம்மா பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பை மூட்டினார். நிறம் ஏறியதும் பூக்களை எடுத்துப் போட்டு ஆறவைக்க, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரில் ஐஸ் கட்டிகளைக் கொட்டினார். எப்சிபா அக்காவை வெளியே போய்க் கொஞ்சம் விறகு பார்க்கச் சொன்னார். பிறகு முதல் முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எதுக்கு ஒரு வருஷம் பேசாம இருக்கணும்?"

மனம் அமைதியாக வேண்டும் என்றார் ஜோதிலிங்கம். வயசாகிவிட்டது, உலக விவகாரம் போதும் என்றார். உள்ளுக்குள் பார்க்க வேண்டும் என்றார்.

மாதி அம்மா மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னும் கொதிக்கலை" என்றார்.

ஜோதிலிங்கம் பூக்களைப் பிரிக்க ஆரம்பித்தார். நாலைந்து பூ பிரித்ததும் கை நின்றது.

"ஒருத்தர் தண்டவாளத்தைத் தாண்டிக்கிட்டிருந்தார்" என்றார். "சைக்கிளோட. சக்கரம் மாட்டிக்கிச்சு. அவர் இழுத்துக்கிட்டு இருக்கார். நான் ஹாரன் அடிக்கிறேன்."

மாதி அம்மா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

"பஸ்ஸை நிறுத்தற மாதிரி கையைக் காட்டினார்மா. என்னைப் பார்த்து. ரயில் அப்படி நிக்குமா?"

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. விசாரணையில் அவர் மேல் தப்பில்லை என்றார்கள். எவ்வளவு சீக்கிரம் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி நின்றிருக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மனைவியும் அதையே சொன்னாள். கூட வேலை செய்தவர்கள் தோளில் தட்டிக்கொடுத்து டீ வாங்கிக்கொடுத்தார்கள். எல்லோரும் சொன்னது சரிதான். அவர்கள் யாருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது.

"பார்த்த உடனே பிரேக் போட்டேன்னு எழுதிக் குடுத்தேன்" என்றார் ஜோதிலிங்கம். "போடலை. சைக்கிளை விட்டுட்டு ஓடிடுவார்னு நெனச்சேன். நாலு செகண்ட் பார்த்துக்கிட்டே இருந்தேன். வண்டி ஏற்கெனவே லேட்டு. அசிஸ்டென்ட் அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தான். அவனுக்கும் தெரியாது. என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. இப்பத்தான் வாயால சொல்றேன்."

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. மூடி தடதடத்தது. மாதி அம்மா அதை எடுத்துக் கீழே வைத்தார். உங்கள் தப்பில்லை என்று சொல்லவில்லை.

"அவர் பேர் என்ன?"

ஜோதிலிங்கம் கையிலிருந்த பூவைக் கூடையில் போட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தீர்த்தகிரி. செருப்புத் தைக்கிறவர். ஒரு பொண்ணு இருக்கு."

"வீடு தெரியுமா?"

"தெரியும். ரெண்டு தடவை தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கேன்." அவர் நிமிர்ந்தார். "பாதை சரியானதும் போறேம்மா. உள்ளே போறேன். இப்ப உங்ககிட்ட சொன்னதை அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்றேன். அது என்ன சொன்னாலும் நின்னு கேட்டுட்டுத்தான் வருவேன்."

மாதி அம்மா கூடையைப் பாத்திரத்தின் பக்கம் நகர்த்தினார். ஜோதிலிங்கம் பிரித்த பூக்களை இரண்டு கையாலும் அள்ளிக் கொதிநீரில் போட்டார். தண்ணீர் ஒரு கணம் அடங்கி மறுபடி பொங்கியது. ஆவி அவர் முகத்தில் அடித்தது. அவர் நகரவில்லை. அரிகரண்டியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

வாய் மட்டும் ஓயவில்லை. அந்த நாலு செகண்ட் முன்னால் போட்டிருந்தால் என்றார். அதற்கு முந்தின ஸ்டேஷனிலேயே வேகத்தைக் குறைத்திருந்தால் என்றார். அன்றைக்கு லீவு போட்டிருந்தால் என்றார். இந்த வேலைக்கே வராமல் இருந்திருந்தால் என்றார். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பாத்திரத்துக்குள் மங்கலாக இருந்த பூக்கள் பளிச்சென்று பச்சையாகிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை.

"எடுத்துடுங்க" என்றார் மாதி அம்மா.

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்மா. சரியா வேகணும் இல்லையா?"

மாதி அம்மா ஐஸ் தண்ணீர் வாளியை அவர் காலடிக்குத் தள்ளினார்.

"நிறம் வந்தாச்சு, ஜோதிலிங்கம். இதுக்கு மேல விட்டா குழைஞ்சுடும்."