லியோன் பர்னாந்து கீழே இறங்காத கதை

சங்குமுத்தூர் நாடக சபையில் மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். சிக்கலே அதுதான்.

அவர்களில் சொரிமுத்து பதினொரு வருஷமாக நாடகத்தில் வரும் துணிக்குதிரையின் பின்னங்கால். முன்னங்கால் பலவேசம். ராஜா யாராக இருந்தாலும் சொரிமுத்து குனிந்து, துணிக்குள் பலவேசத்தின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவான். பொழுது போகாமல் உள்ளேயே பாடுவான். குதிரையின் பின்பக்கத்திலிருந்து இவ்வளவு நல்ல குரல் வருகிறதே என்று சபைத் தலைவர் நயினார் அண்ணாச்சி கவனிக்கவே பத்து வருஷம் ஆனது.

அந்தச் சமயத்தில்தான் பிலோமினா டீச்சர் வந்தார். காலமாகிவிட்ட அவருடைய அண்ணன் லியோன் பர்னாந்து உலகமெல்லாம் சுற்றிய ராக் பாடகர். அவர் பாட்டுப் போடாத கல்யாண வீடு அந்தக் கடற்கரையில் கிடையாது. அண்ணன் நினைவாக ஒரு பாட்டு நாடகம் போட வேண்டும் என்றார் டீச்சர். லியோன் வேஷம் சொரிமுத்துவுக்கு. டீச்சருக்குப் பிடித்துவிட்டால் நாடகம் இன்னும் எட்டு ஊருக்குப் போகும், எட்டிலும் அவன்தான் லியோன். பிடிக்காவிட்டால் மறுபடி குதிரைக்குள் போக வேண்டியதுதான்.

அண்ணன் மேடையில் எப்படி இருப்பார் என்று டீச்சர் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சபை அதை மனப்பாடம் செய்தது.

'முடி தோளில் கிடக்கும்' என்பது முதல் வரி. அண்ணாச்சி டோப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"எந்தத் தோள்னு போடலியே?"

"தலையில வச்சா என்ன அண்ணாச்சி?" என்றான் சொரிமுத்து.

"தலைன்னு எங்கலே எழுதியிருக்கு? டீச்சரம்மா தப்பா எழுதுவாவளா?"

கடைசியில் டோப்பாவை இரண்டாக வெட்டி, சட்டையில் தோளுக்கு ஒன்றாகத் தைத்தார்கள்.

அடுத்த வரி, 'கிடாரை அடித்து நொறுக்குவார்.' கிடாரோ சர்ச் பாடகர் குழுவிடம் இரவல் வாங்கியது.

"நொறுக்கிட்டு எப்படிவே முழுசாத் திருப்பிக் குடுக்க?" என்றார் அண்ணாச்சி.

பலவேசத்துக்கு மூளை பளிச்சிட்டது. "இப்பமே உடைச்சு இப்பமே ஒட்ட வச்சிருவோம் அண்ணாச்சி. உடைக்க வேண்டியதும் உடைச்சாச்சு, குடுக்க வேண்டியதும் முழுசா இருக்கும்."

எல்லோரும் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். கிடாரை உடைத்தார்கள். கொல்லர் இரும்புப் பட்டை போட்டு இறுக்கிக் கொடுத்தார். அதன்பிறகு அந்தக் கிடாரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு. சொரிமுத்து பயத்தில் காலை பத்து மணிக்கே வேஷம் கட்டி மேடையில் நின்றான். 'மேடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வருவார்' என்றது நோட்டு.

"இங்கனயே நிக்கவன் எப்படிலே தாமதமா வருவான்?" என்றார் அண்ணாச்சி. "போ, எங்கயாவது போயிட்டு வா."

அவன் லைட்ஹவுஸ் வரைக்கும் நடந்து போனான். ஐந்து மணிக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து மேடையில் ஏறினான். காத்திருந்த கூட்டம் கத்தியது. முன்வரிசையில் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அண்ணன் வந்தாலும் இப்படித்தான் கத்துவார்கள்.

"கடலே கடலே கத்தாதே, கத்துறதெல்லாம் என் வேலை!" என்று எடுத்தான் சொரிமுத்து. ஊரே எழுந்து ஆடியது. டீச்சரின் கால் தாளம் போட்டது. அதை ஓரக்கண்ணால் பார்த்தவனுக்கு எங்கிருந்துதான் பலம் வந்ததோ, கிடாரை ஒற்றை ஆளாகத் தூக்கி ஓங்கி அடித்தான். கிடார் உடையவில்லை. மேடை உடைந்தது.

நிற்க இடமில்லாததால் நோட்டின் கடைசி வரிக்கு வந்தான்: 'கூட்டத்துக்குள் குதிப்பார். ரசிகர்கள் கைமேல் ஏந்திக்கொண்டு போவார்கள். கால் தரையில் படவே படாது.' குதித்தான். ரசிகர்களாக நின்ற சபைக்காரர்கள் எட்டுப் பேரும் ஏந்திக்கொண்டு நடந்தார்கள்.

தெருமுனையில் நின்றார்கள்.

"எங்க கொண்டு போகணும்?"

"நோட்டுல இல்லியே."

"சாமியத் தூக்குனா நாலு வீதி. பொணத்தத் தூக்குனா சுடுகாடு," என்றார் அண்ணாச்சி. "இவரு எதுல சேத்தி?"

"பொணம் பாடாது அண்ணாச்சி," என்று மேலேயிருந்து சொரிமுத்து பணிவாகச் சொன்னான்.

"அப்பம் நாலு வீதி."

மூன்றாவது வீதியில் பலவேசம் முனகினான். "கை கழண்டுரும் போலிருக்கு. இன்னொரு ஆள் இருந்தாத் தேவல."

சுற்றிலும் பார்த்தார்கள். ஊரே நாடகப் பந்தலில் இருந்தது. சொரிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. பதினொரு வருஷம் ஒரே துணிக்குள் கிடந்த சிநேகிதன். "இந்தா, நான் வாரேன்டே," என்று சறுக்கி இறங்கினான். தோள்முடி இடைஞ்சலாக இருந்ததால் பிய்த்துப் போட்டுவிட்டு, பலவேசத்தின் பக்கத்தில் கை கொடுத்தான். கால் தரையில் படக்கூடாதே என்று ஒரு கணம் உறுத்தியது. அது லியோனுக்குத்தானே, தூக்குகிறவனுக்கு இல்லையே என்று தேறினான்.

"பாத்தியளா அண்ணாச்சி! ஒரு ஆள் கூடினதும் என்ன லேசா இருக்கு!" என்றான் பலவேசம்.

"ஒத்துமைவே, ஒத்துமை."

ஒன்பது பேரும் தூக்கிய கை தூக்கியபடி, அலுங்காமல் குலுங்காமல் பந்தல் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எங்க அண்ணனையே பாத்த மாதிரி இருந்துச்சு. எட்டு ஊர்லயும் அவர்தான் பாடணும். எங்க அவரு?"

"இந்தா," என்று அண்ணாச்சி மேலே பார்த்தார். ஒன்பது பேரும் பார்த்தார்கள். மேலே வானம் இருந்தது.

"ஐயோ, வழியில விட்டுட்டமே!"

சாக்கடையில் தேடினார்கள். கிணற்றில் எட்டிப் பார்த்தார்கள். சொரிமுத்துதான் அதிகம் அலைந்தான். மேலே இருந்தவர் மேலேதான் எங்காவது மாட்டியிருப்பார் என்று தென்னை மரத்திலும் ஏறிப் பார்த்தான். பாவம், எட்டு ஊர் கைக்கு வந்த நேரத்தில் மனுஷன் இப்படித் தொலையலாமா என்று கண் கலங்கியது. திரும்பி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"டீச்சர், அவரு கிடைக்கிற வரைக்கும் நான் பாடட்டுமா? பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்."

டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஏம்ப்பா, நீதானே அது?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அடுத்தவர் வேஷத்தைப் பொய் சொல்லி வாங்க மனசு வரவில்லை. அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி அவனை ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டார். பிறகு பக்கத்தில் நிறுத்தி அளந்தார்.

"குரல் அச்சு அசல் அவருதான் டீச்சர். ஆனா ஆளு இவன் இல்ல. அவரு எங்க எல்லாரு தலைக்கும் மேல இருந்தாரு. இவன் என் தோளுக்குக்கூட வரலியே."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "சரி, அவர் வர்ற வரைக்கும் இவரே பாடட்டும்," என்றார்.

எட்டு ஊரிலும் சொரிமுத்துதான் பாடினான். எட்டு ஊரிலும் கைதட்டல் ஓய்ந்ததும் மைக்கைப் பிடித்துச் சொன்னான்:

"காணாமப் போன எங்க பாடகர் இந்தக் கூட்டத்துல இருந்தா, தயவுசெஞ்சு மேடைக்கு வாங்க. உங்க வேஷத்த அழுக்காக்காம வச்சிருக்கேன்."