ஒரு வாய் சேறு

ஆவாரங்காட்டுக் குளத்துத் தவளைகள் இரண்டு கட்சி. கீழ்க்கரைக்குத் தலைவர் கர்ஜனையார். மேல்கரைக்குத் தலைவர் முழக்கனார். எந்தக் கரை அதிகமாகச் சத்தம் போடுகிறதோ, அந்தக் கரை சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம். அதனால் விடிந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். அப்பப்பா, காது கிழிந்துவிடும்! யார் என்ன சொன்னார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

கீழ்க்கரைச் சின்னப்பொட்டும் தொண்டை கட்டும்வரை கத்துகிறவள்தான். ஒருநாள் காலையில் அவள் குளத்தை எட்டிப் பார்த்தாள். குளத்துத் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது! அவளுடைய தலைப்பிரட்டைகள் ஓரத்துப் பள்ளத்தில் நெளிந்துகொண்டிருந்தன. இன்னும் கால்கூட முளைக்கவில்லை. தண்ணீர் வற்றினால் அவ்வளவுதான்.

கர்ஜனையாரிடம் ஓடினாள். "தலைவரே, கரையில எங்கேயோ ஓட்டை!"

"எல்லாம் மேல்கரைக்காரன் வேலை! நாளைக்கு ரெண்டு மடங்கு கத்துவோம்!"

"கத்தினா ஓட்டை அடைபடுமா தலைவரே?"

"நீ எந்தப் பக்கம்?" என்று முறைத்தார் அவர்.

இவரை நம்பினால் குஞ்சுகள் கருவாடுதான் என்று நினைத்துக்கொண்டு, சின்னப்பொட்டு தானே தேடிப் போனாள். மதகுப் பக்கம் ஒரு நண்டு வளை. அதன் வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மேல்கரை வரியாள் தனியாகச் சேற்றை அப்பிக்கொண்டிருந்தாள்.

"உங்க ஆளுங்க போட்ட ஓட்டைதானே இது?" என்று கேட்டாள் சின்னப்பொட்டு.

"உங்க ஆளுங்க போட்டதுன்னுல்ல எங்க தலைவர் சொன்னார்!"

இரண்டு பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"உனக்கும் குஞ்சுங்க இருக்கா?" என்றாள் சின்னப்பொட்டு.

"எண்ணி மாளாது."

"அப்ப சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். சேறு எடு!"

வரியாளின் கரைக்காரர்களைப் பற்றி ஒரு நல்ல கிண்டல் சின்னப்பொட்டின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாய் நிறைய சேறு! பேசாமல் சுமந்தாள். இதைப் பார்த்து இரண்டு கரையிலிருந்தும் இன்னும் நாலு தவளைகள் வந்தன. பிறகு நாற்பது. எல்லார் வாயிலும் சேறு. குளத்தில் அப்படி ஓர் அமைதி இருந்ததே இல்லை. தலைவர்கள் இருவர் மட்டும் தனியாகக் கத்திக் கத்தி, சீ என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. 'களக்... களக்...' இன்னொரு ஓட்டை! எங்கே தெரியுமா? கர்ஜனையார் உட்கார்ந்து முழங்குகிற கல்லுக்கு அடியில்! இத்தனை நாளும் அவருடைய கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

வாயில் சேறோடு "நகருங்க" என்று எப்படிச் சொல்வது? சின்னப்பொட்டு தோளால் ஓர் இடி இடித்தாள். தலைவர் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தார். இரண்டு கரைத் தவளைகளும் சேர்ந்து அந்த ஓட்டையையும் அடைத்தன. தண்ணீர் நின்றது. பள்ளத்தில் தலைப்பிரட்டைகள் வாலாட்டின. சின்னப்பொட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை. இரு தலைவர்களும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"தாராளமா பேசுங்க!" என்றாள் சின்னப்பொட்டு. "அதுக்கு முன்னாடி ஆளுக்கொரு வாய் சேறு கொண்டுவந்து கரையில வையுங்க."

"ஆமாம், ஆமாம்!" என்றது மேல்கரை. கீழ்க்கரையும்தான். அன்றுமுதல் அதுதான் குளத்துச் சட்டம்.

தலைவர்கள் ஒத்துப்போகட்டும் என்று காத்திராமல், எதிர்க்கரைக்காரரோடு சேர்ந்து மக்களே வேலையில் இறங்கினால்தான் ஊர் பிழைக்கும்.