கவிழ்த்து வைத்த டிபன் பாக்ஸ்

"அந்த ஆளு பொய் சொல்லுதாரு மேடம்."

வந்ததும் வராததுமாக ஆய்வுக்கூடத்து இசக்கியம்மாள் சொன்னது இதுதான்.

பேராசிரியர் ஞானப்பூ எலுமிச்சை சாதத்திலிருந்து கடலையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்த ஆளு?"

"பரஞ்சோதிதான். வேற யாரு?"

பரஞ்சோதி வேறு ஊர், வேறு கல்லூரி. புற்றுநோய்ச் செல்களுக்கு எக்ஸ்ரே கதிர் கொடுத்து, எத்தனை சாகும் எத்தனை பிழைக்கும் என்று பார்ப்பதுதான் அவருக்கும் இசக்கிக்கும் வேலை. ஒரே வகைச் செல், ஒரே அளவு கதிர். ஆனால் இசக்கி கையில் முக்கால்வாசி செத்துப்போகும். அவர் கட்டுரையில் பாதிக்குமேல் உயிரோடு இருந்தது.

"அவர் எழுதினபடியே நானும் செஞ்சு பார்த்தேன். திரும்பத் திரும்பச் செஞ்சேன். வரவே மாட்டேங்குது. உட்கார்ந்த இடத்துலயே கணக்கை எழுதியிருக்காரு மனுசன்."

கையோடு கொண்டுவந்த புகாரை மேசையில் வைத்தாள். ஞானப்பூ கையெழுத்துப் போட்டால் அது மேலே போகும். விசாரணை வரும். பரஞ்சோதிக்கு வேலையும் போகும், மானமும் போகும்.

போகட்டுமே என்றுதான் இசக்கி நினைத்தாள்.

ஞானப்பூ கை கழுவிவிட்டு வந்தார்.

"போடுதேன்."

இசக்கிக்கு அப்போதே சுருக்கென்றது. இவ்வளவு சுளுவாக ஒத்துக்கொள்கிற அம்மா இல்லையே இது!

"ஆனா ஒண்ணு. போன வருசம் நீ ஒரு கட்டுரை போட்டியே, அந்தப் பரிசோதனையை என் கண்ணு முன்னால செஞ்சு காட்டு. கட்டுரையில என்ன எழுதியிருக்கியோ, அதை மட்டும் செய்யி."

"என்னையவா சந்தேகப்படுதீங்க?"

"கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

வேணும். அதனால் இசக்கி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மனசு மூடவில்லை. பரஞ்சோதியும் இந்த அம்மாவும் ஒன்றாகப் படித்தவர்கள். அவர் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு, பை நிறைய முறுக்கோடு வந்து எல்லாருக்கும் கொடுத்ததும் இந்த அம்மாதான். சிநேகிதனைக் காப்பாற்றப் பார்க்கிறாளோ?

ஆய்வுக்கூடத்தில் ஞானப்பூ ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கையில் இசக்கியின் கட்டுரை.

இசக்கி செல் வளர்த்த தட்டை எடுத்தாள்.

"மூடியோடயா, மூடி இல்லாமயா?"

"மூடியோடதான்."

"எழுதலையே."

"இது தெரியாதா மேடம்?"

"எனக்குத் தெரியாது. நான் கட்டுரையை மட்டும் படிச்ச அசலூர்க்காரி."

இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு எக்ஸ்ரே மெஷினின் கதவைத் திறந்தாள். பக்கத்து அலமாரிக்குக் கை தானாகப் போயிற்று. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றை எடுத்து, மெஷினுக்குள் கவிழ்த்து வைத்தாள்.

"அது என்னது?"

"டிபன் பாக்ஸ்."

"கண்ணு தெரியுது எனக்கு. எதுக்கு?"

"உள்ள இருக்கிற பலகையை மேல ஏத்துற திருகு இறுகிக் கிடக்கு மேடம். அதான் இதைக் கவுத்தி, இது மேல தட்டை வைப்போம். நான் இங்க சேர்றதுக்கு முன்னால இருந்தே எல்லாரும் அப்படித்தான்."

"எழுதியிருக்கியா?"

இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டிபன் பாக்ஸை யாராவது எழுதுவாங்களா மேடம்?"

"அப்போ எடு."

எடுத்தாள். தட்டை வெறும் பலகையில் வைத்தாள். கதவைச் சாத்தி, எப்போதும் கொடுக்கிற அளவையே கொடுத்தாள்.

பிழைத்த செல்கள் பெருகிக் கண்ணுக்குத் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இசக்கி லேசுப்பட்டவளா? செல் வளர்க்கிற பெட்டிக்குள் தட்டை வைத்து, அதற்குத் தன் சொந்தப் பூட்டைப் போட்டாள். சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

"நல்லாப் பூட்டு," என்றார் ஞானப்பூ.

காலையிலும் சாயங்காலமும் பூட்டை இழுத்துப் பார்த்தாள். டீ கொண்டுவருகிறவரைக்கூட முறைத்தாள். ஞானப்பூ அந்தப் பக்கமே வரவில்லை. வராததும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

தட்டைத் திறக்கிற நாளில் ஞானப்பூ வந்து நின்றார். இசக்கி பூட்டைத் திறந்து, தட்டை எடுத்து, சாயம் ஊற்றிக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்தாள்.

தட்டு நிறைய நீலப் புள்ளிகள். பிழைத்த செல் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எண்ணிப் பார்த்தாள். பாதி பிழைத்திருந்தது. பரஞ்சோதி சொன்னதற்கு வெகு பக்கம்.

"யாரோ கை வச்சிருக்காங்க," என்றாள்.

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

இசக்கியின் கை கழுத்துக்குப் போயிற்று.

பிறகு அலமாரியைப் பார்த்தாள். அங்கே டிபன் பாக்ஸ் சும்மா உட்கார்ந்திருந்தது. அதன் மேல் வைத்தால் தட்டு மேலே போகும். மேலே போனால் கதிர் வருகிற குழாய்க்குக் கிட்டே போகும். அடுப்புக்குக் கிட்டப் போனால் சூடு கூடும் என்பது யாருக்குத்தான் தெரியாது? எத்தனை வருசமாகச் செல்களுக்கு அதிகக் கதிரைக் கொடுத்துவிட்டு, மெஷின் காட்டின அளவை அப்படியே எழுதியிருக்கிறாள்! பரஞ்சோதி சொன்னபடி செய்கிறேன் என்று செய்தபோதும் அடியில் இதுதான் இருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஞானப்பூ புகாரை விரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"எங்க போடணும் கையெழுத்து?"

"வேண்டாம் மேடம்."

"என்னட்டீ இது? அவரும் புகார் கொடுக்கணும்னாரே."

"யாரு?"

"பரஞ்சோதி. நீ புகாரோட வந்ததுக்கு மொத நாளு போன் பண்ணினாரு. உன் கட்டுரைப்படி செஞ்சு பார்த்தாராம். வரலையாம். நீ உட்கார்ந்த இடத்துலயே கணக்கு எழுதுதியாம். உன் மேல புகார் கொடுக்கப் போறாராம்."

இசக்கி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பரஞ்சோதிக்குப் போன் போட்டாள்.

"சார், நான் இசக்கியம்மாள் பேசுதேன்."

"நீங்களா? எதுக்கு?" அவர் குரலில் வரவேற்பே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு சார். கதிர் கொடுக்கும்போது தட்டுக்கு அடியில என்ன வைப்பீங்க?"

"ஏன் கேக்குறீங்க?"

"சொல்லுங்க சார்."

"எங்க மெஷின்ல பலகை ரொம்பத் தாழ்வு, அதான் ஒரு தேக்குக் கட்டை. அதையெல்லாம் யாராவது எழுதுவாங்களாம்மா?"