தூண் ஓரம் நின்ற உபதேசியார்

“இன்னும் என்னதாம்மா செய்யணும்? சொல்லுங்க, செஞ்சிடறேன்.”

கேட்டவர் மாசிலாமணி உபதேசியார். பொறையாற்றுக்குத் தெற்கே, கடலோர ஊர் ஒன்றின் லுத்தரன் சபையில் இருபத்தாறு வருஷ ஊழியம். நோயாளி வீட்டில் ஜெபிப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்தான்.

சபையின் போதகரான ஆயர் ஹெப்சிபா அவரைவிடப் பதினாறு வயது இளையவர். “வேதம் கத்துக்கறதுக்கு வயசு என்னய்யா வயசு?” என்று சொல்லி, அந்த அம்மாவைக் குருவாக ஏற்றுக்கொண்டவர் மாசிலாமணி. நல்ல மனுஷன். பிடிவாதம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

சனிக்கிழமை மத்தியானம். நாளை ஆராதனையில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கான கிண்ணத்தை ஆயரம்மா துடைத்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு என்ன செய்யணும், உபதேசியாரே?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்களே.”

தெரியும். சபைக்கே தெரியும். ஒரு வருஷமாக மாசிலாமணி திருவிருந்து எடுக்கவில்லை. ஜனங்களை வரிசையாகப் பீடத்துக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் தூண் ஓரம் நின்றுகொள்வார்.

காரணம் அவருடைய தம்பி.

தம்பி மகள் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பேரைப் போட மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். எட்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு தம்பி படுத்த படுக்கையாகி, தஞ்சாவூரிலிருந்து இரண்டு தடவை ஆள் அனுப்பினான். “முதல்ல அவன் வரட்டும்” என்றார் இவர். படுக்கையில் கிடக்கிறவன் எப்படி ஐயா வருவான்? அவன் வரவில்லை. சாவுச் செய்திதான் வந்தது.

“வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருக்கேன். தரங்கம்பாடிக்கு வெறுங்காலோட நடந்துட்டேன். தம்பி பொண்டாட்டி கால்லயும் விழுந்துட்டேன். மனசு ஆறலைம்மா. நாளைக்கும் என்னால பீடத்துக்கு வர முடியலைன்னா, இந்த வேலையை விட்டுடறேன். ஊருக்கு மன்னிப்பைச் சொல்லிட்டு நான் மட்டும் ஒதுங்கி நிக்கிறது அசிங்கமா இருக்கு.”

“போன வாரம் பிள்ளைகளுக்கு என்ன பாடம் எடுத்தீங்க?”

“சீர்திருத்தத் திருநாள் வருதே, லுத்தர் கதைதான். மடத்துல சந்நியாசியா இருந்தப்போ குருகிட்ட மணிக்கணக்கா பாவ அறிக்கை செய்வாராம். வெளியே வந்ததும் இன்னொண்ணு ஞாபகம் வருமாம், திரும்ப ஓடுவாராம். பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க.”

“நீங்க?”

“நானும் சிரிச்சேன்.”

ஆயரம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். பீடத்துப் படியில், மாசிலாமணிக்கு முன்னால் முழங்கால் போட்டார்.

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஐயையோ! எழுந்திரிங்கம்மா! யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“பார்த்தா பார்க்கட்டும். எனக்கும் ஒண்ணு சொல்லணும். காலையிலேருந்து தொண்டையிலேயே நிக்குது.”

அது பாவனை இல்லை.

“எங்க அம்மாவுக்கு ஞாபகம் சுத்தமா போயிடுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். இன்னிக்குக் காலையில கஞ்சி கொடுத்தேன். என் மேலேயே துப்பினாங்க. மூணாவது தடவை துப்பினப்போ அடிச்சிட்டேன், உபதேசியாரே. என்னைப் பெத்தவங்களை, கையை ஓங்கி அடிச்சிட்டேன்.”

மாசிலாமணி குனிந்து அவரைத் தூக்கப் பார்த்தார். ஆயரம்மா எழுந்திருக்கவில்லை.

“மன்னிப்புக் கேட்டேன். ‘யாரும்மா நீ, எதுக்கு அழுவுற?’ன்னு கேக்கறாங்க. யார்கிட்ட போய் நான் மன்னிப்பு வாங்குவேன்? நீங்க சொல்லுங்க எனக்கு. நோயாளிங்களுக்குச் சொல்வீங்களே, அந்த வார்த்தை.”

“நானா? ஆயரம்மா உங்களுக்கா? நான் குருப்பட்டம் வாங்கினவன் இல்லையேம்மா.”

“ஞானஸ்நானம் வாங்கினவர்தானே? ஞானஸ்நானம் வாங்கின யாரும் மன்னிப்பைச் சொல்லலாம்னுதானே லுத்தர் அவ்வளவு சண்டை போட்டார்.”

“எனக்கே இன்னும் தீரலையே. நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு உங்களுக்கு...”

“உங்க யோக்கியதையை யார் கேட்டா? வார்த்தையைத்தான் கேக்கறேன்.”

சொல்லிவிட்டு அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி, விம்மி விம்மி.

மாசிலாமணிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பாவம், அந்தப் பொண்ணு எவ்வளவு கஷ்டப்படுது என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. தன் கதையை அந்த நிமிஷம் மறந்தே போனார். கையை அந்த அம்மாவின் தலைமேல் வைத்தார்.

“பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே, உம்முடைய பாவம் உமக்கு மன்னிக்கப்பட்டது.”

“ஆமென்” என்றார் ஆயரம்மா.

எழுந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தோத்திரம் ஆண்டவரே” என்று வாய்விட்டுச் சொன்னார். முகம் தெளிந்திருந்தது. கிண்ணத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

மாசிலாமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா.”

“சொல்லுங்க.”

“நிஜமாவே ஆறிடுச்சா?”

“அம்மாவை நினைச்சா வலிக்குது. சாயங்காலம் திரும்பக் கஞ்சி கொடுக்கணும், அந்தப் பயமும் இருக்கு. ஆனா மன்னிப்பு வந்துடுச்சு. நீங்கதானே சொன்னீங்க?”

“என்னை மாதிரி ஆள் சொல்லியுமா?”

“பொய்யா சொன்னீங்க?”

“சீச்சீ! சத்தியமா சொன்னேன்.”

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“அம்மா, உங்களை நான் ஒண்ணுமே செய்யச் சொல்லலையே.”

“ஆமா. சொல்லலை.”

“சொல்லணும்னு தோணவே இல்லைம்மா. நீங்க அழுதீங்க, எனக்குப் பொறுக்கலை, கொடுத்துட்டேன்.”

ஆயரம்மா கிண்ணத்தைத் துடைப்பதை நிறுத்தினார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

மாசிலாமணி தன் தூண் பக்கம் நகர்ந்தார்.

“போயும் போயும் நானே இப்படின்னா...” என்று தொடங்கினார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷத்து அழுகை மொத்தமும் வந்தது. நடு நடுவே சிரிப்பும் வந்தது.

“இந்த உபவாசம், நடை எல்லாம் ஆண்டவர் என்கிட்ட எப்பம்மா கேட்டார்?”