செவலையின் தலையீற்று

"வீரபாகுவை இனித் தொழுவத்துக்குள்ள விடாதீங்கம்மா" என்று வந்து நின்றான் சிவக்கொழுந்து.

மடத்தின் தலைவி காந்திமதி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்து மாடுகளைப் பார்த்துக்கொள்வது அவருடைய இந்த இரண்டு சீடர்கள்தான்.

"என்ன செஞ்சான்?"

"எதுக்கெடுத்தாலும் அவசரம், கோபம். கறக்கும்போது கால் தூக்குற பசுவை வாய்க்கு வந்தபடி திட்டுறான். நான் என்னைக்காவது ஒரு மாட்டை அதட்டினது உண்டா?"

இல்லைதான். சிவக்கொழுந்தின் பொறுமையை ஊரே மெச்சும். பொல்லாத மாடும் அவன் கை பட்டால் அடங்கும். அவனுக்கும் அது தெரியும்.

"சரி. அவன் அடுப்படிக்கு வரட்டும். தொழுவம் உன் பாடு."

மறுநாள் காலை செவலைப் பசுவுக்கு வலி கண்டது. தலையீற்று; அதன் முதல் கன்று.

சிவக்கொழுந்து பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தைத் தடவினான். கன்றின் ஒற்றைக் குளம்பு வெளியே தெரிந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

தானாக வரும் என்று இருந்தான். அவன் காத்திருந்து வராதது என்று இதுவரை எதுவும் இல்லை.

வெயில் உச்சிக்கு ஏறியது. பசு முக்குவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தரையில் சாய்த்தது. அவன் தடவிக்கொண்டே இருந்தான்.

வறட்டி எடுக்க வந்த வீரபாகு பார்த்துவிட்டான்.

"எவ்வளவு நேரமாச்சு வே?"

"காலையிலேர்ந்து..."

"அட பாவி மனுசா! இன்னொரு கால் உள்ள மடங்கிக் கிடக்கு. தடவித் தடவியே கொன்னிருப்பீரே!"

அவனைத் தள்ளிவிட்டு, முழங்கைக்கு மேல் எண்ணெயைப் பூசிக்கொண்டு கையை உள்ளே விட்டான் வீரபாகு. மடங்கிய காலை நிமிர்த்தினான். பசு ஒருமுறை கதறியது. அதோடு சேர்ந்து இழுத்தான்.

கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

உயிர் இருந்தது. ஆனால் பால் குடிக்கவில்லை.

வீரபாகு அதன் வாயில் காம்பைத் திணித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி திணித்தான். கழுத்தைப் பிடித்து உலுக்கினான். கன்று மிரண்டு துவண்டது.

"சனியன்! சாகணும்னா சாகு!"

எழுந்து போய்விட்டான்.

சிவக்கொழுந்து கொஞ்சம் சீம்பால் கறந்தான். கன்றின் தலையைத் தன் தொடைமேல் எடுத்து வைத்து, பாலில் விரலை நனைத்து அதன் நாக்கில் தடவினான். துப்பியது. மறுபடி தடவினான். மறுபடி துப்பியது. வெயில் இறங்கி, தொழுவத்தின் நிழல் கிணற்றடி வரை நீண்டது.

கடைசியில் கன்று அவன் விரலைச் சப்பத் தொடங்கியது.

வாசலில் அம்மை நிற்பதை அப்போதுதான் கண்டான். அவன் கண் கலங்கியது.

"வீரபாகு வரலேன்னா ரெண்டு உயிர் போயிருக்கும்மா. எனக்கு இந்தப் பொறுமை வேண்டாம். எங்கிட்டேர்ந்து பிடுங்கிப் போட்டுடுங்க."

"சரி" என்றார் அம்மை. "கன்னு வாயிலேர்ந்து விரலை எடு."

"ஐயோ, இப்பதானம்மா சப்ப ஆரம்பிச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

அம்மை அடுப்படிப் பக்கம் திரும்பி, "வீரபாகு! நீயும் தொழுவத்துக்கு வா!" என்று குரல் கொடுத்தார்.